அஞ்சு நாள் கருவும் அதைச் சுத்தி நடக்குற சண்டையும்: ஸ்டெம் செல் விவாதம் எங்க சிக்கி நிக்குது?

2024 பிப்ரவரில அமெரிக்காவோட அலபாமா மாநில சுப்ரீம் கோர்ட் ஒரு தீர்ப்பு குடுத்துச்சு, ஐ.வி.எஃப்., அதாவது விந்தையும் முட்டையையும் லேப்ல சேர்க்குற கிளினிக்ல உறைய வச்சிருக்குற கருவும் சட்டத்தோட பார்வையில குழந்தைதான்னு. அடுத்த வருஷம் ஏப்ரல்ல நேச்சர்ங்கிற அறிவியல் இதழ்ல ஒரு அமெரிக்க ஆய்வு வந்துச்சு, பார்கின்சன் நோய் இருக்குற 12 பேரோட மூளைக்குள்ள, மனிதக் கருவுல இருந்து எடுத்த ஸ்டெம் செல்லை நரம்பு செல்லா வளர்த்து வச்சிருக்காங்க, 18 மாசம் ஆகியும் பெரிய பாதிப்பு இல்ல, கூடுதல் டோஸ் வாங்குனவங்களுக்கு உடம்பு அசைவுல முன்னேற்றம் தெரியுதுன்னு. இந்த ரெண்டு செய்தியும் ஒரே பொருளைப் பத்தினதுதான், அந்த அஞ்சு நாள் கருவைப் பத்தி. ஒரு இடத்துல அது குழந்தை, இன்னொரு இடத்துல அது மருந்துக்கான மூலப்பொருள். ரெண்டும் எப்படி ஒரே நாட்டுல ஒரே காலத்துல நடக்குதுன்னு குழப்பம் வர்றது இயல்புதான், அதனால அடிப்படையில இருந்தே பாத்துடலாம்.

முதல்ல, எதைப் பத்திப் பேசுறோம்?

இந்த விஷயத்துல பாதி சண்டை வார்த்தைக் குழப்பத்தாலயே வருது.

1. ஸ்டெம் செல்னா இன்னும் தன்னோட வேலை முடிவாகாத செல். தோல் செல் தோல் வேலைய மட்டும்தான் பாக்கும், நரம்பு செல் நரம்பு வேலைய மட்டும்தான். ஸ்டெம் செல் தன்னைத் தானே பெருக்கிக்கவும் செய்யும், வேற வகை செல்லா மாறவும் செய்யும்.

2. நம்ம எலும்பு மஜ்ஜைல இருக்குறதுக்கு வளர்ந்தவங்க ஸ்டெம் செல்னு பேரு. இதுக்கு ஒரு எல்லை இருக்கு, மஜ்ஜை செல் ரத்த வகை செல்லா மாறும், மூளை நரம்பா மாறாது. ரத்தப் புற்றுநோய்க்கு மஜ்ஜை மாத்துற சிகிச்சை பல பத்தாண்டா நடக்குது, இதை எந்த மதமும் எதிர்க்கல.

3. கரு ஸ்டெம் செல்ங்கிறது அஞ்சாறு நாள் ஆன கருவோட உள்பக்கத்துல இருந்து எடுக்குறது. இது உடம்புல இருக்குற எந்த செல்லாவும் மாறும். சண்டை முழுக்க இதைப் பத்திதான்.

4. இது கருக்கலைப்பு செஞ்ச சிசுவுல இருந்து எடுக்குறது கிடையாது. அந்தக் கரு எந்தப் பெண்ணோட வயித்துலயும் இருந்ததே இல்ல. குழந்தை இல்லாத தம்பதிகளுக்காக லேப்ல உருவாக்கி, தேவைக்கு மேல மிஞ்சி, அவங்க எழுதிக் குடுத்த சம்மதத்தோட ஆராய்ச்சிக்கு வந்தது. கருக்கலைப்பு சிசுவோட திசுவை வச்சு நடக்குற ஆராய்ச்சி தனி, அதுக்கு சட்டமும் வாதமும் தனி. ரெண்டையும் ஒண்ணாப் போட்டுக் குழப்புற பேச்சு ரெண்டு தரப்புலயும் இருக்கு.

இப்ப அந்தக் கருவைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பாக்கணும், ஏன்னா அது எப்படி இருக்கும்னு தெரியாம வாதம் புரியாது. அஞ்சாம் நாள்ல அதுக்கு பிளாஸ்டோசிஸ்ட்னு பேரு. சுமாரா நூறு, நூத்தம்பது செல் இருக்கும், பேனாவால ஒரு புள்ளி வச்சா அதைவிடச் சின்னது. உள்ள தண்ணி நிறைஞ்ச ஒரு பந்து மாதிரி. வெளிப்பக்கம் ஒரு அடுக்கு செல், அதுதான் பின்னாடி நஞ்சுக்கொடிக்குப் போறது. உள்பக்கம் ஒரு ஓரத்துல சின்னதா ஒரு கொத்து ஒட்டிக்கிட்டு இருக்கும், குழந்தையோட உடம்பு வர்றது அந்தக் கொத்துல இருந்துதான். நரம்பு கிடையாது, இதயம் கிடையாது, ரத்தம் கிடையாது. ஆராய்ச்சியாளர்கள் வெளி அடுக்கைக் கரைச்சுட்டு அந்த உள் கொத்தை மட்டும் எடுத்துத் தட்டுல வளர்ப்பாங்க. அந்த நிமிஷத்தோட கருவா அதோட கதை முடிஞ்சுது, ஆனா அந்த செல்கள் சாகாது, பெருகிக்கிட்டே இருக்கும். இப்படி ஒரே கருவுல இருந்து வந்து தொடர்ந்து பெருகுற செல் குடும்பத்துக்குத்தான் செல் லைன்னு பேரு.

மனிதக் கருவுல இதை முதல்ல செஞ்சு காட்டுனது விஸ்கான்சின் மேடிசன் பல்கலைக்கழகத்துல ஜேம்ஸ் தாம்சன், 1998 நவம்பர்ல. எலியில 1981-லயே செஞ்சுட்டாங்க, மனிதனுக்கு வர 17 வருஷம் ஆச்சு. தாம்சன் கையில வந்த கருக்கள் 36, அதுல பிளாஸ்டோசிஸ்ட் வரைக்கும் வளர்ந்தது 20, கடைசியா கிடைச்ச செல் லைன் வெறும் அஞ்சு. அந்த அஞ்சுல ஒண்ணுக்கு ஹெச்9-னு பேரு. இந்தப் பேரை ஞாபகம் வச்சுக்கங்க, பின்னாடி வரும்.

மையக் கேள்வி என்ன?

கரு உயிரா இல்லையாங்கிறது கேள்வியே கிடையாது, அது உயிருள்ளதுதான், மனித இனத்தோட செல்தான், இதை எந்த உயிரியல் படிச்சவரும் மறுக்கல. அது ஒரு ஆளா, அதாவது உங்களுக்கும் எனக்கும் இருக்குற மாதிரி கொல்லப்படாம இருக்குற உரிமை அதுக்கு இருக்கா, இதுதான் கேள்வி. இதுக்கு மைக்ரோஸ்கோப்ல பதில் கிடைக்காது, அதனாலதான் இதை வெறும் அறிவியலுக்கும் மூடநம்பிக்கைக்கும் நடக்குற சண்டைன்னு ஒதுக்குறது தப்புன்னு நினைக்கிறேன். எதிர்க்குறவங்க வாதத்தை அதோட பலத்தோட பாக்கணும்.

அவங்க சொல்றது இதுதான்: விந்தும் முட்டையும் சேர்ந்த நொடியில புதுசா ஒரு மரபணுத் தொகுப்பு வந்துடுச்சு, அதுக்கு அப்பறம் பிறப்பு வரைக்கும், ஏன் சாவு வரைக்கும், நடக்குறது ஒரே ஆளோட தொடர்ச்சியான வளர்ச்சி, நடுவுல எங்க கோடு போட்டாலும் அது நம்ம வசதிக்குப் போட்ட கோடுதான். இதோட இன்னொண்ணும் சேர்த்துக்குவாங்க, சந்தேகம் இருந்தாலும் செய்யக் கூடாதுன்னு. கிணத்துக்குள்ள ஆள் இருக்காரா இல்லையான்னு உறுதியாத் தெரியாதப்ப, இருக்க மாட்டார்னு நினைச்சு மண்ணைத் தள்ளி மூடுவோமா?

ஆதரிக்குறவங்க சொல்ற பதில்ல ரெண்டு கனமானது. ஒண்ணு, சுமாரா 14 நாள் வரைக்கும் கரு ரெண்டாப் பிரிஞ்சு இரட்டைக் குழந்தையா ஆகலாம். இன்னும் ஒருத்தரா ரெண்டு பேரான்னே முடிவாகாத ஒண்ணை எப்படி ஒரு ஆள்னு சொல்றதுன்னு கேக்குறாங்க. ரெண்டாவது, உறைநிலையில இருக்குற இந்தக் கருக்கள் எப்படியும் குப்பைக்குத்தான் போகப்போகுது, அதுல இருந்து ஒரு நோயாளிக்கு மருந்து வந்தா என்ன தப்பு. எதிர்த்தரப்பு இதுக்கும் பதில் வச்சிருக்கு: பிரிய முடியும்ங்கிறதால முன்னாடி ஒண்ணா இருந்தது பொய்யாகிடாது, சாகப்போறவர்ங்கிறதுக்காக ஒருத்தரோட உறுப்பை உயிரோட எடுக்க முடியாது. இந்த இடத்துல எனக்கு முதல் வாதம் ரெண்டாவதை விட வலுவாப் படுது, ஏன்னா ரெண்டாவது வாதம் கரு ஆள் இல்லன்னு முன்னாடியே முடிவு பண்ணிட்டுத்தான் ஆரம்பிக்குது.

மதங்கள் ஒரே குரல்ல பேசல

மதம் எதிர்க்குதுன்னு பொதுவா எழுதிடுறாங்க, அது பெரிய பிழை.

கத்தோலிக்கத் திருச்சபையோட நிலை ரொம்பத் தெளிவு, கருவை அழிக்குற எந்த ஆராய்ச்சியும் கூடாது. 1987-ல வந்த டோனும் விட்டே, 2008-ல வந்த டிக்னிடாஸ் பெர்சோனே ரெண்டு ஆவணமும் இதைச் சொல்லுது. பலருக்குத் தெரியாத ஒரு விஷயம் அந்த 1987 ஆவணத்துலயே இருக்கு, ஆன்மா எந்த நொடியில வருதுன்னு திருச்சபை தத்துவ ரீதியா அறுதியிட்டுச் சொல்லல, ஆனா முதல் நொடியில இருந்தே ஒரு ஆளா மதிச்சு நடத்தணும்னு சொல்லுது. மேல சொன்ன கிணறு வாதத்தோட வடிவம்தான் இது. இன்னொண்ணு, மத்திய காலத்துல இறையியல் அறிஞர் தாமஸ் அக்வினாஸ் அரிஸ்டாட்டிலைப் பின்பற்றி, பகுத்தறிவுள்ள ஆன்மா கரு உருவான உடனே வர்றதில்ல, உடம்பு ஓரளவு வடிவம் எடுத்த அப்பறம்தான் வருதுன்னு நினைச்சார். அவர் காலத்துலயும் கருவைக் கலைக்குறது பாவம்தான், ஆனா கொலைக்குச் சமமான்னு கேட்டா பதில் வேற. வடிவம் எடுத்த கரு, எடுக்காத கருன்னு தண்டனையில இருந்த வித்தியாசத்தை 1869-ல போப் ஒன்பதாம் பயஸ் எடுத்துட்டார்.

யூத மரபு வேற பக்கம் நிக்குது. முதல் 40 நாள் கரு வெறும் தண்ணி மாதிரின்னு யூத சட்ட நூலான தால்முட்ல ஒரு வரி இருக்கு, அதோட உயிரைக் காப்பாத்துறது மத்த பெரும்பாலான கட்டளைகளுக்கும் மேலன்னு ஒரு கொள்கை இருக்கு. இந்த ரெண்டையும் சேர்த்துப் பாத்தா, கர்ப்பப்பைக்கு வெளில இருக்குற அஞ்சு நாள் கருவை ஆராய்ச்சிக்குப் பயன்படுத்துறதை பெரும்பாலான யூத மத குருக்கள் (ரபிகள்), பழமையான ஆர்த்தடாக்ஸ் பிரிவுல இருக்குற பலரும்கூட, ஏத்துக்குறாங்க. இஸ்ரேல் இந்தத் துறையில ஆரம்பத்துல இருந்தே முன்னாடி இருக்குறதுக்கு இதுவும் ஒரு காரணம்.

இஸ்லாத்துல 120 நாள்ல உயிர் ஊதப்படுதுங்கிற ஹதீஸை அடிப்படையா வச்சு நிறைய அறிஞர்கள் அனுமதிக்குறாங்க, 40 நாள்னு எடுத்துக்குறவங்களும் உண்டு. ஈரான்ல மதத் தலைமையோட ஒப்புதலோட ரோயான் ஆராய்ச்சி நிறுவனம் 2000-களோட தொடக்கத்துலயே மனிதக் கரு ஸ்டெம் செல் லைன் உருவாக்கிடுச்சு. மதம் ஆட்சி செய்யுற நாடுன்னா கண்டிப்பா எதிர்ப்புதான் இருக்கும்னு நினைக்குறவங்களுக்கு இது ஆச்சரியமா இருக்கும்.

புராட்டஸ்டண்ட் சபைகள் நடுவுல பிளந்து கிடக்கு, சதர்ன் பாப்டிஸ்ட் சபை கடுமையா எதிர்க்குது, பிரஸ்பிட்டேரியன், எபிஸ்கோப்பல் மாதிரியான சபைகள் நிபந்தனையோட ஆதரிச்சுது. இந்து, பௌத்த மரபுகள்ல எல்லாருக்கும் சேர்த்து முடிவு சொல்ற ஒரு பீடம் கிடையாது, கருத்தரிக்கும்போதே உயிர் வந்துடுதுங்கிற பழைய நூல்கள் இருந்தும் இது அரசியல் சண்டையா வெடிக்கல.

அமெரிக்கா: தடை கிடையாது, காசு யாரோடதுங்கிறதுதான் சண்டை

அமெரிக்காவுல கரு ஸ்டெம் செல் ஆராய்ச்சியை மத்திய அரசு எப்பவுமே சட்டவிரோதம்னு சொன்னதில்ல. மத்திய சட்டப்படி தனியார் பணத்துல யார் வேணும்னாலும் செய்யலாம், தாம்சனோட ஆய்வே அப்படித்தான் நடந்துச்சு. சண்டை முழுக்க வரிப்பணத்தைப் பத்தி. ஏன் அது அவ்வளவு முக்கியம்னா, அந்த நாட்டுல அடிப்படை மருத்துவ ஆராய்ச்சி பெரும்பாலும் மத்திய அரசு நிதியிலதான் ஓடுது, அது இல்லன்னா இளம் ஆராய்ச்சியாளர்கள் அந்தப் பக்கமே வர மாட்டாங்க.

1. 1996-ல இருந்து டிக்கி விக்கர்னு ஒரு திருத்தம் வருஷா வருஷம் பட்ஜெட் சட்டத்துல சேர்ந்து வருது. கருவை அழிக்குற வேலைக்கு மத்திய அரசு பணம் குடுக்கக் கூடாதுங்கிறது அதோட சாரம். கிளின்டன் காலத்துல வக்கீல்கள் ஒரு விளக்கம் குடுத்தாங்க, கருவை உடைக்குறதுக்குத்தான் தடை, தனியார் பணத்துல ஏற்கனவே உடைச்சு எடுத்த செல்லை வச்சு ஆராய்ச்சி பண்றதுக்குத் தடை இல்லன்னு.

2. 2001 ஆகஸ்ட் 9, ஜார்ஜ் புஷ் டிவியில பேசி ஒரு நடுவழி சொன்னார். அன்னைக்கு வரைக்கும் உருவான செல் லைன்களுக்கு மட்டும் நிதி உண்டு, இனிமே உருவாகுறதுக்குக் கிடையாது. உயிரா சாவாங்கிற முடிவு ஏற்கனவே நடந்து முடிஞ்சுது, அரசுப் பணம் புது அழிவைத் தூண்டக் கூடாதுங்கிறது அவரோட நியாயம். 60-க்கு மேல லைன் இருக்குன்னார், கடைசில கைக்குக் கிடைச்சது சுமாரா 21.

3. புஷ்ஷோட ரிபப்ளிகன் கட்சிக்குள்ளயே பிளவு வந்துச்சு. கருக்கலைப்பை எதிர்த்த ரிபப்ளிகன் செனட்டர் ஓரின் ஹேட்ச் இதை ஆதரிச்சார், உயிர் தாயோட வயித்துல தொடங்குது, ஃப்ரீசர்ல இல்லங்கிறது அவர் வாதம். முன்னாள் அதிபர் ரொனால்ட் ரீகன் அல்சைமர்ங்கிற மறதி நோயால அவதிப்பட்டதைக் கூட இருந்து பாத்த அவர் மனைவி நான்சி ரீகனும் ஆதரிச்சாங்க.

4. 2004-ல கலிஃபோர்னியா மக்கள் ஓட்டுப் போட்டு 300 கோடி டாலரை மாநிலப் பணமா ஒதுக்குனாங்க. 2006-ல நாடாளுமன்றம் நிதியை விரிவாக்க மசோதா நிறைவேத்துச்சு, புஷ் தன்னோட ஆட்சியில முதல் தடவையா வீட்டோ போட்டு, அதாவது மசோதாவை நிராகரிச்சு, நிறுத்துனது அதுக்குத்தான். உறைஞ்ச கருவைத் தத்தெடுத்துப் பிறந்த குழந்தைகளைப் பக்கத்துல வச்சுக்கிட்டுத்தான் அதை அறிவிச்சார். அந்தக் காட்சியைக் கிண்டல் பண்ணவங்க நிறைய, ஆனா வாதமா அது வலுவானது, இது வெறும் செல் கொத்துன்னா இந்தக் குழந்தை எங்க இருந்து வந்துச்சுன்னு கேக்குது.

5. 2009 மார்ச்ல ஒபாமா அந்தத் தேதி வரம்பை எடுத்தார். 2010-ல ஒரு ஃபெடரல் நீதிபதி நிதியை நிறுத்துனார், மேல்கோர்ட் அதை மாத்துச்சு, 2013 ஜனவரில சுப்ரீம் கோர்ட் வழக்கை எடுக்க மறுத்ததோட அது முடிஞ்சுது. டிக்கி விக்கர் அதுக்கு அப்பறமும் வருஷா வருஷம் தொடர்ந்துச்சு.

ரெண்டு தரப்பும் பொய் கலந்துச்சுங்கிறதையும் சொல்லணும். 2004 தேர்தல் பிரச்சாரத்துல துணை அதிபர் வேட்பாளர் ஜான் எட்வர்ட்ஸ், தாங்க ஜெயிச்சா, முதுகுத்தண்டு அடிபட்டு உடம்பு செயலிழந்த சூப்பர்மேன் நடிகர் கிறிஸ்டோபர் ரீவ் மாதிரியானவங்க சக்கர நாற்காலில இருந்து எழுந்து நடப்பாங்கன்னு பேசுனார், அதுவும் ரீவ் இறந்த மறுநாள். படுத்த படுக்கையா கிடக்குறவங்க முன்னாடி அப்படிப் பேசுறது கொடுமை. எதிர்த்தரப்பு, வளர்ந்தவங்க ஸ்டெம் செல்லே 65 நோயை குணப்படுத்துதுன்னு ஒரு பட்டியல் காட்டுச்சு. 2006-ல சயன்ஸ் இதழ்ல ஆராய்ச்சியாளர்கள் அதைச் சரிபாத்து, அதிகபட்சம் ஒன்பதுக்குத்தான் நிரூபணம் இருக்குன்னு எழுதுனாங்க. அதே சமயத்துல தென் கொரியாவுல விஞ்ஞானி ஹ்வாங் வூ சுக், குளோனிங் வழியா ஸ்டெம் செல் எடுத்துட்டேன்னு சொன்னது முழு மோசடின்னு தெரிஞ்சுது. அதுல ரொம்ப வலிக்குற விஷயம் பெண்களோட முட்டை, அவர் லேப்ல வேலை பார்த்த ஜூனியர் பெண்கள்கிட்ட இருந்துகூட வாங்கியிருந்தாங்க. கருவோட உரிமையைப் பத்தி இவ்வளவு பேசுற உலகம் முட்டை குடுக்குற பெண்ணைப் பத்தி ரொம்பக் குறைவாத்தான் பேசியிருக்கு.

மத்த நாடுகள்ல

பிரிட்டன்ல தத்துவ அறிஞர் மேரி வார்னக் தலைமையில ஒரு குழு 1984-ல 14 நாள் விதியைச் சொல்லுச்சு, அதாவது கருவை லேப்ல 14 நாளுக்கு மேல வளர்க்கக் கூடாதுன்னு, 1990-ல அது சட்டமாச்சு. அந்த நாள் வாக்குலதான் கருவுல முதல் கோடு ஒண்ணு தெரியும், தலை எந்தப் பக்கம் கால் எந்தப் பக்கம்னு அச்சு முடிவாகும், அதுக்கு அப்பறம் இரட்டையாப் பிரியாது. விதி போட்டு, உரிமம் குடுக்க ஒரு அமைப்பு வச்சு, சத்தம் இல்லாம வேலை நடந்துச்சு.

ஜெர்மனில நேர் எதிர். நாஜி காலத்து மருத்துவக் கொடுமையோட நினைவு அங்க சட்டத்துக்குள்ளயே இருக்கு, உள்நாட்டுல கருவை அழிச்சு ஸ்டெம் செல் எடுக்கக் கூடாது. ஆனா 2002-ல போட்ட சட்டப்படி, வெளிநாட்டுல 2002 ஜனவரி 1-க்கு முன்னாடி உருவான லைனை இறக்குமதி பண்ணலாம், 2008-ல அந்தத் தேதியை 2007 மே 1-னு தள்ளி வச்சாங்க. இது எனக்கு நேர்மையாப் படல, தப்புன்னு நம்புனா அடுத்தவன் செஞ்ச தப்போட பலனை வாங்குறதும் தப்புதானே. பிரேசில்ல 2008-ல சுப்ரீம் கோர்ட் 6-க்கு 5-னு ஒரே ஓட்டு வித்தியாசத்துல ஆராய்ச்சியை அனுமதிச்சுது, அவ்வளவு நெருக்கமா பிரிஞ்சு கிடக்குற விஷயம் இது.

யமனாக்கா வந்து சண்டையை முடிச்சாரா?

2006-ல கியோட்டோவுல ஷின்யா யமனாக்கா எலியோட தோல் செல்லுக்குள்ள நாலு ஜீனைச் செலுத்தி, அதைக் கரு ஸ்டெம் செல் மாதிரியே பின்னுக்குத் திருப்பிக் காட்டுனார், 2007-ல மனித செல்லுலயும் செஞ்சார், 2012-ல நோபல் கிடைச்சுது. இதுக்கு ஐ.பி.எஸ். செல்னு பேரு. கருவே வேண்டாம், பிரச்சனை முடிஞ்சுதுன்னு நிறைய பேர் எழுதுனாங்க.

முடியல. ஐ.பி.எஸ். செல் கரு செல் மாதிரியே நடந்துக்குதான்னு ஒப்பிட்டுப் பாக்கவே கரு செல் வேணும். அதோட மருந்தா மாத்துறதுக்குத் தேவையான பாதுகாப்புப் பரிசோதனைகள்ல கரு லைன்கள் பல வருஷம் முன்னாடி போய்டுச்சு. ஆரம்பத்துல சொன்ன பார்கின்சன் ஆய்வு வந்த அதே நேச்சர் இதழ்ல கியோட்டோவோட ஐ.பி.எஸ். பார்கின்சன் ஆய்வும் பக்கத்துல பக்கத்துல வந்துச்சு. அமெரிக்க ஆய்வுல 12 பேர் மூளைக்குள்ள போன செல் எந்த லைன் தெரியுமா, ஹெச்9. 1998-க்கு முன்னாடி எங்கயோ ஒரு தம்பதி மிஞ்சுன கருவைக் குடுத்தாங்களே, அதுல இருந்து வந்த செல், 25 வருஷத்துக்கு மேல பெருகிப் பெருகி இப்ப ஒரு நோயாளியோட கை நடுக்கத்தைக் குறைக்கப் பாக்குது. ஒரு கத்தோலிக்க நோயாளி இந்த சிகிச்சையை ஏத்துக்கலாமாங்கிற கேள்வி இப்ப நிஜமாவே வருது, 2001-ல அது வெறும் கற்பனை.

உண்மையான கேள்வி ஃப்ரீசர்ல இருக்கு

இந்த விவாதத்துல என்னை ரொம்ப உறுத்துறது இதுதான். 2003-ல வெளியான ஒரு கணக்கெடுப்புப்படி அமெரிக்காவுல சுமாரா 4 லட்சம் கரு உறைநிலையில இருந்துச்சு, அதுல ஆராய்ச்சிக்குன்னு ஒதுக்குனது 2.8 சதவீதம்தான். மீதி பெரும்பாலும் தம்பதிகளோட சொந்த உபயோகத்துக்கு, ஆனா எல்லாமே குழந்தையாப் போறதில்ல, ஒரு பங்கு கடைசில அழிக்கப்படுது. கரு ஒரு ஆள்னு நிஜமா நம்புனா சண்டை ஆரம்பிக்க வேண்டிய இடம் ஸ்டெம் செல் லேப் இல்ல, மிஞ்சுற அளவுக்குக் கருவை உருவாக்குற ஐ.வி.எஃப். முறை. கத்தோலிக்கத் திருச்சபை இதுல நேர்மையா இருக்கு, அது ஐ.வி.எஃப்.பையே எதிர்க்குது. ஆனா அரசியல்வாதிகள் ரொம்ப காலம் லேபை மட்டும் திட்டிட்டு ஐ.வி.எஃப். பக்கம் திரும்பல, ஏன்னா அங்க நிக்குறது குழந்தைக்காக ஏங்குற வாக்காளர்கள்.

அலபாமா தீர்ப்பு அந்த மூடியைத் திறந்துடுச்சு. வழக்கு என்னன்னா, 2020-ல ஒரு ஆஸ்பத்திரி நோயாளி உறைநிலை அறைக்குள்ள போய் கருக்கள் இருந்ததைக் கையில எடுத்தார், கடுங்குளிர்ல கை சுட்டுக் கீழ போட்டுட்டார், மூணு தம்பதிகள் கேஸ் போட்டாங்க. கோர்ட் 1872-ல வந்த ஒரு சட்டத்தை வச்சு, இதுவும் குழந்தையோட சாவுதான்னுச்சு. உடனே அந்த மாநிலத்துல பல கிளினிக் வேலையை நிறுத்துச்சு, மூணே வாரத்துல சட்டமன்றம் கிளினிக்குகளுக்குப் பாதுகாப்பு குடுத்து சட்டம் போட்டுடுச்சு. கரு குழந்தையா இல்லையான்னு அந்தச் சட்டம் வாயே திறக்கல, வழக்கு வராதுன்னு மட்டும் சொல்லுச்சு.

அடுத்து வர்ற சிக்கல்

2016-ல கேம்பிரிட்ஜ்லயும் நியூயார்க்லயும் கருவை 12, 13 நாள் வரைக்கும் தட்டுல வளர்த்துக் காட்டுனாங்க, அது வரைக்கும் 14 நாள் விதியை மீற யாராலயும் முடியாதுங்கிறதால அதைக் கேள்வி கேக்கவும் ஆள் இல்ல. 2021-ல சர்வதேச ஸ்டெம் செல் ஆராய்ச்சிச் சங்கம் அந்த வரம்பைத் தன்னோட தடைப் பட்டியல்ல இருந்து எடுத்துட்டு, தனித்தனியா பரிசீலிக்கலாம்னுச்சு. பிரிட்டன்ல ஒழுங்குமுறை அமைப்பே 28 நாளா நீட்டலாம்னு 2024-ல ஆதரவு தெரிவிச்சிருக்கு.

அதைவிடப் பெரிய சிக்கல், விந்தும் முட்டையும் இல்லாமலே ஸ்டெம் செல்லை வச்சு கரு மாதிரி ஒண்ணை உருவாக்குறது. 2021-ல ஆஸ்திரேலியாவுல தோல் செல்லையே மாத்தி பிளாஸ்டோசிஸ்ட் மாதிரி ஒரு பந்தை உருவாக்குனாங்க, அதாவது கருவே வேண்டாம்னு வந்த யமனாக்கா வழியே திரும்பக் கரு மாதிரி ஒண்ணுகிட்ட கொண்டு வந்து விட்டுடுச்சு. 14 நாள், 40 நாள், 120 நாள்னு இதுவரைக்கும் போட்ட கணக்கு எல்லாமே கருத்தரிச்ச நாள்ல இருந்து எண்ணுறது, இதுக்கு அந்த முதல் நாளே கிடையாது. ஆஸ்திரேலியாவோட ஒழுங்குமுறைக் குழு இதுவும் சட்டப்படி கருதான், உரிமம் வாங்கணும்னு சொல்லிடுச்சு. பிரிட்டன்ல இந்த மாதிரி மாடல்கள் 1990 சட்டத்துக்குள்ள வரல, 2024-ல விஞ்ஞானிகளே சேர்ந்து எழுதுன, தானா முன்வந்து பின்பற்றுற ஒரு நடத்தை விதி மட்டும்தான் இருக்கு.